“அதை ஜெபத்துல சொன்னீங்களாப்பா?”

வாசகர் கடிதம் (சுருக்கமாக):

அக்கா, எனக்கு 46 வயது. சபைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். மனைவி நர்ஸ். நாங்கள் ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். என் பூட்டனார் உபதேசியாராக இருந்தவர். வீட்டில் இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம், முக்கால் மணி நேரம், ஒருநாளும் தவறியதில்லை. மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். விடுமுறை வேதாகமப் பள்ளியில் வருஷா வருஷம் மனன வசனத்துக்குப் பரிசு வாங்கியவள். இப்போது திடப்படுத்தல் வகுப்புக்குப் போகமாட்டேன் என்கிறாள். “என்னால பொய் சொல்ல முடியாதுப்பா” என்கிறாள். ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை, ஆமென் சொல்வதில்லை. என் அம்மாவின் பக்கத்தில் மட்டும் போய்ப் படுத்துக்கொள்கிறாள். போன மாதம் ஆத்திரத்தில், தம்பியின் முன்னால், அவளைக் கன்னத்தில் அடித்துவிட்டேன். பேராயர் வரும் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. பரம்பரையாக வந்த விசுவாசம் என் கையோடு முடிந்துபோகுமோ? 11 வயது மகனையாவது எப்படிக் காப்பாற்றுவது?

பின்குறிப்பு: எங்கள் சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலத்தின் தேர்தல் சமயத்தில் ஒரு அணிக்காக நான் சில வீடுகளுக்குப் பணக் கவர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இங்கே எல்லாரும் செய்வதுதான். மகள் பார்த்துவிட்டாள். “அதை ஜெபத்துல சொன்னீங்களாப்பா?” என்று கேட்டாள். பெரியவங்க விஷயத்துல தலையிடாதே என்று சொல்லிவிட்டேன். இதுவும் ஒரு காரணமாக இருக்குமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

இருக்கும். அது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். பதினாறு வயதுப் பிள்ளையின் மனசில் ஒரே ஒரு காரணம் தனியாக உட்கார்ந்திருப்பதில்லை. ஆனால் உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மகள் உங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவள் செய்யாமல் விட்டவை. வகுப்புக்குப் போகவில்லை, கண்ணை மூடவில்லை, ஆமென் சொல்லவில்லை. செய்யாதவற்றுக்கு நான்கு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். கேட்டதைப் பின்குறிப்பில் வைத்திருக்கிறீர்கள். ஊரையும் திருமண்டலத்தையும் எழுதியிருந்தீர்கள், அவற்றை இங்கே விட்டுவிட்டேன். எந்த ஊராக இருந்தாலும் நான் சொல்லப்போவது மாறாது.

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். மகள் விசுவாசத்தை விட்டே போய்விட்டாள் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திடப்படுத்தலில் என்ன நடக்கிறது? கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற நாளில் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் அவளுக்காகக் கொடுத்த வாக்கை, இப்போது அவளே சபைக்கு முன்னால் எழுந்து நின்று தன் வாயால் சொல்கிறாள். பேராயர் கேட்கிறார், பிள்ளை பதில் சொல்கிறது, அதன்பிறகுதான் தலைமேல் கை வைக்கிறார். நம் ஊர்களில் அது என்னவாகிவிட்டது என்று உங்களுக்கே தெரியும். வெள்ளை உடுப்பு, ஸ்டூடியோ போட்டோ, மத்தியானம் பிரியாணி, தாய்மாமன் போடும் மோதிரம். “உங்க மகளுக்கு எடுத்தாச்சா?” என்று, ஏதோ ஆதார் கார்டு எடுத்தாச்சா என்பதுபோல விசாரிக்கிறார்கள். இருபது பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரே ராகத்தில் பதில் சொல்லிவிட்டு இறங்கி வருகிறார்கள். உங்கள் மகளோ அந்தக் கேள்விகளைப் படித்துப் பார்த்து, இப்போதைக்கு இதற்கு உண்மையாகப் பதில் சொல்ல என்னால் முடியாது என்கிறாள். தேவன் இருக்கிறார், அவர் முன்னால் பொய் சொல்லக்கூடாது என்று உள்ளூர நம்புகிற பிள்ளைதான் இப்படிப் பேசும். ஒன்றுமே நம்பாத பிள்ளை வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு போய் நின்றுவிட்டு வந்திருக்கும். அது சுலபம்.

அவள் காத்திருக்கட்டும். காத்திருப்பது நம் சபைக்குப் புதிதில்லை. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையாரின் கதையைச் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் உடனே கொடுக்கவில்லை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மண உறவு இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதால் மறுத்தார். அந்த அதிகாரி இறந்துபோன பிறகு, 1778-ல்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். ஏழு வருஷம் கழித்து, 1785-ல், அந்த அம்மையார் கட்டிய ஆலயம் இன்றைக்கும் நிற்கிறது. ஊர்க்காரர்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். திருநெல்வேலிச் சபையின் கதையே, ‘இப்போது வேண்டாம்’ என்று காத்திருக்க வைக்கப்பட்ட ஒரு பெண்ணிடமிருந்துதான் தொடங்குகிறது. அன்றைக்கு ஐயர் சொன்னார், இன்றைக்கு உங்கள் வீட்டில் பிள்ளையே சொல்கிறது. ஒரு வருஷமோ மூன்று வருஷமோ தாமதமானால் ஆலயக் கோபுரம் சாய்ந்துவிடாது.

இனி அந்தக் கவர்.

உபாகமம் ஆறாம் அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்திருப்பீர்கள். ‘நீ அவைகளை உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து’ என்ற வசனத்தைப் பெற்றோர் கூட்டத்தில் யாராவது சொல்லாமல் இருந்ததில்லை. அந்த அதிகாரத்தின் கடைசிப் பகுதிக்கு அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. அங்கே, 20-ம் வசனத்தில், பிள்ளை கேள்வி கேட்கிறது: இந்தக் கட்டளைகளெல்லாம் என்ன? அதற்குத் தகப்பன் என்ன பதில் சொல்லவேண்டும் என்று மோசே கற்றுக்கொடுக்கிறார் பாருங்கள். கட்டளைகளை விளக்கு என்று சொல்லவில்லை. ‘நாங்கள் எகிப்திலே பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம்’ என்று சொல்லித் தொடங்கு என்கிறார். தகப்பன் தன் கேவலத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும். நாங்கள் பயந்தோம், எங்கள் கையில் ஒன்றும் இல்லை, கர்த்தர் வெளியே கொண்டுவந்தார். விசுவாசம் கைமாறும் இடமாக வேதம் காட்டுவது இதைத்தான்: பிள்ளை கேட்கிறது, தகப்பன் தன் அடிமைத்தனத்தைச் சொல்கிறான்.

உங்கள் மகள் கேட்டுவிட்டாள். பாதி வேலையை அவளே முடித்துவிட்டாள். நீங்கள் பதிலைச் சொல்லவில்லை.

நீங்கள் சபைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். நிர்வாகத்தில் யார் வருகிறார்களோ அவர்கள் கையில்தான் உங்கள் டிரான்ஸ்பரும் பிரமோஷனும் இருக்கின்றன. ஜெயிக்கப்போகிற அணி ‘இந்தக் கவரைக் கொண்டுபோய்க் கொடுத்துருங்க சார்’ என்று சொல்லும்போது மாட்டேன் என்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் ஆலோசனை அறைக்கு வந்து இதே காரணத்துக்காக அழுத ஆண்கள் உண்டு. அதனால் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. ஆனால் ‘இங்கே எல்லாரும் செய்வதுதான்’ என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். நாளைக்குப் பிராக்டிகல் தேர்விலோ ஆஸ்டலிலோ வேலை பார்க்கும் இடத்திலோ உங்கள் மகள் அதே வரியை உங்களிடம் வந்து சொல்லக்கூடாது என்றுதானே இத்தனை வருஷம் வசனம் சொல்லிக்கொடுத்தீர்கள்?

அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஜெப நேரத்தில் வேண்டாம், சாப்பாட்டு மேசையில் அம்மா, பாட்டி எதிரில் வேண்டாம். டியூஷனில் இருந்து பைக்கில் கூட்டிவரும்போது வழியில் எங்கேயாவது நிறுத்துங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிடப் பக்கத்தில் நின்று எதையாவது பார்த்துக்கொண்டு பேசுவது சுலபம். நீளமாகப் பேசவேண்டாம். “அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. ஜெபத்துல சொல்லலம்மா. சொல்ல வெக்கமா இருந்துச்சு. டிரான்ஸ்பர் போட்டுருவாங்களோன்னு பயந்துதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது தப்பு. நீ கேட்டப்போ உன் வாயை அடைச்சதும் தப்பு.” இவ்வளவு போதும். ‘ஆனா’ என்று ஒரு சொல்லை அதன் பின்னால் சேர்த்தீர்களோ, சொன்னதெல்லாம் வீண். ‘ஆனா உனக்கும் ஊர் நிலவரம் தெரியணும்ல’ என்று இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள்.

அவள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்க்கவேண்டாம். “சரி, போலாம்” என்று சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறலாம். “அப்போ அடுத்த எலெக்ஷன்ல?” என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு நீங்கள் முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு வெறுமனே மனம் வருந்திவிட்டு மரத்தில் இருந்து இறங்கவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பேன் என்று எல்லார் காதும் கேட்கச் சொன்னான். அணித் தலைவரிடம் போய் ‘இனிமேல் என்னிடம் கவர் கொடுத்து அனுப்பாதீர்கள்’ என்று சொல்ல உங்களால் முடியுமா? அதனால் வரக்கூடிய டிரான்ஸ்பரை உங்கள் வீடு தாங்குமா? இதை முதலில் மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். முடியும் என்றால் மகளிடம் சொல்லுங்கள். இன்னும் தைரியம் வரவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். “இன்னும் பயமா இருக்கும்மா, எனக்காக ஜெபம் பண்ணு” என்று சொல்லும் அப்பாவை அவள் மதிப்பாள். முடியாததை முடியும் என்று சொல்லிவிட்டால் அடுத்த தேர்தலில் அவள் கண்ணை நீங்கள் பார்க்கமுடியாது.

இதில் ஓர் எச்சரிக்கை. இப்படிப் பேசிய பிறகு, ‘சரி, இப்போ வகுப்புக்கு வர்றியா?’ என்று கேட்காதீர்கள். அன்றைக்கு மட்டுமில்லை, அந்த வருஷம் முழுக்கக் கேட்கவேண்டாம். கேட்டால் உங்கள் மன்னிப்பும் ஒரு கவராகிவிடும்.

குடும்ப ஜெபத்துக்கு வருகிறேன். முக்கால் மணி நேரம், ஒருநாளும் தவறியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு வந்து இதை நடத்துவது லேசான காரியமில்லை. உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும்: அந்த ஜெபத்தில் மகளைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? கடிதத்தில் இல்லை. நானே ஊகிக்கிறேன், ஏனென்றால் நானும் அதைச் செய்தவள்.

என் மகன் பத்தாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் ராத்திரி. கரண்ட் இல்லை, நடுவீட்டில் மெழுகுவர்த்தி. நான் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்: “ஆண்டவரே, இந்தப் பிள்ளை கையில எப்பவும் போன் இருக்கு, புத்தகத்தைத் தொடமாட்டேங்கிறான், பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசுறான், அவனுடைய பிடிவாதத்தை நீர் உடையும்...” அவன் நடுவிலே கேட்டான், சத்தமில்லாமல்: “அம்மா, நீங்க இப்போ ஆண்டவர்கிட்ட பேசுறீங்களா, என்கிட்ட பேசுறீங்களா?” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த வார்த்தை வரவில்லை. மெழுகு தட்டில் வழிந்துகொண்டிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அப்பா ஆமென் சொல்லி முடித்துவைத்தார்.

நம் வீடுகளில் ஜெபத்தின் பெயரால் பிள்ளைகளைத் திட்டுகிறோம். எதிர்த்துப் பேசமுடியாத இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு மண்டிபோட்டிருக்கும் நேரத்தில், தேவனைச் சாட்சியாக வைத்துத் திட்டுகிறோம். அந்தப் பிள்ளைக்குத் தேவனும் அப்பாவின் பக்கத்தில் நின்று கையை ஓங்குகிற ஆளாகத் தெரிந்தால் அதில் என்ன ஆச்சரியம்? பிள்ளைகள் மனம் தளர்ந்துபோகாதபடி அவர்களைக் கோபமூட்டாதிருங்கள் என்று கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் தகப்பன்மாருக்குச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு மனம் தளரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மகள் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பது அடங்காத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. மனம் தளர்ந்த பிள்ளை அப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.

ஜெபத்தைப் பதினைந்து நிமிஷமாகக் குறையுங்கள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம் அல்லது சுவிசேஷத்தில் ஒரு பகுதி, சின்ன ஜெபம். பிள்ளைகளைப் பற்றி நன்றி மட்டும் சொல்லுங்கள், கேட்க வேண்டியவற்றைத் தனியாக உங்கள் அறையில் கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்பது உங்களுக்காக இருக்கட்டும்: “இன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தரைப் பத்திக் கேவலமாப் பேசிட்டேன் ஆண்டவரே, மன்னியும்.” ஒரு வாரம் இப்படி ஜெபித்துப் பாருங்கள். மகள் கண்ணை மூடுகிறாளா என்று பார்க்காதீர்கள். பார்க்கவேண்டும் என்றால் நீங்களும் கண்ணைத் திறக்கவேண்டியிருக்கும்.

குணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: நேர்மை, இரக்கம், கொடுக்கும் மனது, இவற்றைப் பிள்ளைக்குள் எப்படி வைப்பது என்று. இதற்கு என்னிடம் இருப்பது ஒரு பால்பவுடர் டப்பா.

என் அம்மா உலையில் அரிசி போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு வேளையும், ஒரு கைப்பிடி எடுத்து அந்த டப்பாவில் போடுவார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கியத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள், அது மிஷனெரி ஊழியத்துக்குப் போகும். டப்பாவில் அரிசி விழும் சத்தம் எங்களுக்குப் பழக்கம். ஒருநாள் சாயங்காலம், அப்பாவுக்குச் சம்பளம் வராத மாதம், அரிசிப் பானையின் அடியில் கை தட்டியது. நாங்கள் நான்கு பிள்ளைகள் அடுப்படி வாசலில் நிற்கிறோம். அம்மா கைப்பிடி எடுத்தார்கள். டப்பாவின் மேலே கையைக் கொண்டுபோனார்கள். நின்றுவிட்டார்கள். எங்களைப் பார்த்தார்கள். திரும்பப் பானையில் போட்டுவிட்டார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி எடுத்து, விரலிடுக்கு வழியே பாதியைப் பானையில் விட்டு, பாதியை டப்பாவில் போட்டார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. காணிக்கையைப் பற்றி அதற்குப் பிறகு நூறு பிரசங்கம் கேட்டிருப்பேன், ஒன்றும் நினைவில்லை. அம்மாவின் கை காற்றில் நின்றது நினைவிருக்கிறது. கொடுப்பது கஷ்டம் என்றும், கஷ்டமாக இருக்கும்போதும் பாதியாவது கொடுக்கலாம் என்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நாம் பிள்ளைகளிடம் முடிவை மட்டும் காட்டுகிறோம், தயங்கியதை மறைத்துவிடுகிறோம். தயங்கியதையும் காட்டுங்கள். பதினாறு வயதில் அவள் வீட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ளலாம். இந்த மாதம் தசமபாகம் இவ்வளவு, ஸ்கூட்டர் கடன் இவ்வளவு, பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்டது இவ்வளவு, என்ன செய்யலாம் என்று அவளையும் உட்காரவைத்துக் கேளுங்கள். அந்த நோட்டை அவளே எழுதட்டும். உங்கள் மனைவி நர்ஸ். டூட்டி முடிந்து வந்தபிறகும் தெருவில் யாராவது சுகர் பார்க்கவோ புண்ணுக்குக் கட்டுப்போடவோ கூப்பிடத்தான் செய்வார்கள். போகும்போது மகளும் பஞ்சும் பிளாஸ்திரியும் தூக்கிக்கொண்டு கூடப் போகட்டும். ‘இதுதான் கிறிஸ்துவின் அன்பு’ என்று வழியில் விளக்கம் சொல்ல வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

வேறொன்றும் இங்கே சொல்லவேண்டும், கேட்க உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டு, வரன் பார்க்கும்போது ‘நம்ம ஆளுங்களா?’ என்று முதல் கேள்வியாக விசாரிப்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் வரும் வாலிபப் பிள்ளைகளில் பலர், ‘எனக்கு ஆலயம் வேண்டாம்’ என்பதற்குச் சொல்லும் காரணங்களில் தேர்தலும் சாதியும் முதலில் வருகின்றன. டார்வினைச் சொல்கிறவர்கள் குறைவு.

அப்படிப்பட்ட கேள்விகளும் அவளுக்கு வரலாம், வரட்டும். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள், குருவானவரிடம் சேர்ந்து போய்க் கேட்போம் என்று சொல்லுங்கள். பன்னிரண்டு வயதில் இயேசுவே தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அமெரிக்காவில் வெர்ன் பெங்ஸ்டன் என்ற சமூகவியல் அறிஞர் 1970-ல் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பல பத்தாண்டுகள், தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து விசாரித்தார்கள். நம்பிக்கை பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்த வீடுகளில் பெற்றோரோடு, அதிலும் தகப்பனோடு, பிள்ளைக்கு நெருக்கம் இருந்ததை அவர்கள் கண்டார்கள். பக்தி நிறைய இருந்து நெருக்கம் இல்லாத வீடுகளில் அது அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. அது வேறு நாடு, வேறு பழக்கவழக்கம்; அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் முப்பது வருஷமாக என் முன்னால் வந்து உட்காரும் குடும்பங்களில் நான் பார்ப்பதும் இதுதான். தாத்தா பாட்டிகளின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரிது என்றும் அந்த ஆய்வில் இருக்கிறது.

அதனால் உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. மகள் அவர்கள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறாள் என்று, கொஞ்சம் வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில்தான் நிம்மதி வந்தது. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது முதலில் பாட்டியாகிய லோவிசாளைச் சொல்கிறார், பிறகுதான் தாயாகிய ஐனிக்கேயாளை. தகப்பன் கிரேக்கன், அந்த வரியில் அவன் பெயரே இல்லை. உங்கள் வீட்டில் நடக்கிற வேலையைப் பாட்டி ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ‘நீங்களாவது சொல்லுங்கம்மா, நீங்க சொன்னா கேப்பா’ என்று அவர்களைத் தூது அனுப்பிவிடாதீர்கள். அந்தப் படுக்கை ஒன்றுதான் இப்போது அவளுக்கு யாரும் எதையும் கேட்காத இடம்.

‘பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்’ என்ற நீதிமொழியை எடுத்து எழுதி, ‘அப்படியானால் நான் சரியாக நடத்தவில்லை என்றுதானே அர்த்தம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அது நீதிமொழி, தம்பி, பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லை. சாமுவேலைவிட நேர்மையான நியாயாதிபதியை இஸ்ரவேல் பார்க்கவில்லை. அவன் குமாரரோ பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள் என்று அதே வேதம் எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் நான் சொன்ன எல்லாவற்றையும் செய்தபிறகும் மகள் வேறு வழியில் போகலாம். அப்படிப் போனாலும் அவள் உங்கள் மகள்தான், சோறு போட்டு எடுத்துவைக்கிற வீடு அதுதான். அதை இப்போதே அவள் காதில் விழும்படி ஒரு தடவை சொல்லிவிடுங்கள். பிறகு நெருக்கடி வந்த நேரத்தில் சொன்னால் நம்பமாட்டாள்.

சபையில் என்ன சொல்வார்கள் என்ற கவலை உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. குருவானவரைப் போய்ப் பாருங்கள். ‘மகள் இந்த வருஷம் இல்லை, அவளே ஆயத்தமாகும்போது வருவாள்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நல்ல குருவானவராக இருந்தால் சந்தோஷப்படுவார். சொந்தக்காரர்கள் கேட்டாலும் இதே வரிதான். ‘படிப்புல பிசியா இருக்கா’ என்று அவளுக்காகப் பொய் சொல்லாதீர்கள். அவள் பொய் சொல்லமாட்டேன் என்றுதானே இவ்வளவும் நடக்கிறது. காலண்டரில் இருக்கும் அந்தச் சிவப்பு வட்டத்தையும் எடுத்துவிடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மற்றப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வருவார்கள், அவளுக்கு அது லேசாக இருக்காது. அன்றைக்கு அவள் ஆலயத்துக்கு வந்தால் பக்கத்திலேயே உட்காருங்கள். வரவில்லை என்றால் நீங்கள் போய்விட்டு வாருங்கள், வந்து அதைப் பற்றிப் பேசவேண்டாம்.

கடைசியாக, மகனையாவது எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டீர்கள். ‘ஆவது’ என்ற சொல்லை அவன் காதில் விழ விடாதீர்கள், மகள் காதில் அதைவிட முக்கியமாக. பதினொரு வயதுப் பையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அக்கா கேள்வி கேட்டதையும் பார்த்தான், அடி வாங்கியதையும் பார்த்தான். அந்த வீட்டில் கேள்வி கேட்டால் என்ன கிடைக்கும் என்று இப்போது அவனுக்குத் தெரியும். கவரைப் பற்றி அவளிடம் தனியாகப் பேசுங்கள் என்று சொன்னேன். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்பது மட்டும் தனியாக வேண்டாம். தம்பியின் முன்னால்தானே அடித்தீர்கள், அவன் முன்னாலேயே கேளுங்கள். அவன் வெளியே விளையாடிக்கொண்டிருந்தால் கூப்பிடுங்கள், வந்து உட்காரட்டும். அவள் பெயரைச் சொல்லி, “அன்னைக்கு உன்னை அடிச்சது தப்பு, மன்னிச்சிரும்மா” என்று சொல்லுங்கள். அவள் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பையன் ஏதாவது கேட்பான். கேட்டால், இந்தத் தடவை பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா